900 ரூபாய் ‘மொரீஷியஸ் நாட்டறிக்கை’: பணம் கட்டாதீர்கள்

திட்டக்கட்டுரைக்காக ‘மொரீஷியஸில் தமிழர்’ என்று தேடும் மாணவர்களைக் குறிவைத்து ஒரு தளம் 900 ரூபாய்க்கு நாட்டறிக்கை விற்கிறது. பணம் கட்டிய பிள்ளைகளுக்குக் கிடைத்தது 14 பக்கப் பிடிஎஃப். பாதி, இலவச இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து வரி மாறாமல் எடுத்தது. மீதியில் தப்புகள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதிலே இல்லை. தொடர்புப் பக்கத்தில் வெறும் படிவம்தான். எழுதியவர் பெயரோ, முகவரியோ, தொலைபேசி எண்ணோ கிடையாது.

மிக மோசமானது ‘தமிழ் இனத்தவர் விழுக்காடு, 2023’ என்ற அட்டவணை. 2023-இல் இங்கே மொரீஷியஸில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2011-க்கு அடுத்தது 2022-இல்தான். அதைவிட முக்கியம், 1972-க்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் ‘நீங்கள் எந்தச் சமூகம்’ என்று கேட்பதில்லை. மதம் கேட்கிறார்கள், வீட்டில் பேசும் மொழி கேட்கிறார்கள். மதக் கேள்விக்கே பலர் ‘தமிழ்’ என்று பதில் தருவதால் மத அட்டவணையில் ‘இந்து’ தனி வரி, ‘தமிழ்’ தனி வரி. அந்த எண்ணை எடுத்து இன எண் என்று பெயர் மாற்றினால், ‘இந்து’ என்று எழுதிய தமிழரும் தமிழ்க் கிறிஸ்தவரும் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறார்கள். எந்தத் தளத்தில் ‘தமிழ் இனம்’ என்று அண்மைய ஆண்டுக்குத் துல்லிய எண் கண்டாலும் மூடிவிடுங்கள்.

வரலாற்றுப் பகுதி தமிழர் வருகையை 1834-இல், ஒப்பந்தக் கூலிகளோடு தொடங்குகிறது. 1735-இல் லா பூர்தொனே ஆளுநராக வந்த பிரெஞ்சுக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் இங்கே வந்து வேலை செய்தார்கள். நம் முன்னோரின் ஒரு நூற்றாண்டையே விழுங்கிய அறிக்கைக்குப் பிள்ளைகள் காசு கொடுத்திருக்கிறார்கள்.

பரப்பளவைப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். முதன்மைத் தீவு 1,865 சதுர கிலோமீட்டர். ரொட்ரீக்ஸ் முதலிய தீவுகளும் சேர்ந்த குடியரசு 2,040. குடியரசின் மக்கள்தொகையைத் தீவின் பரப்பால் வகுத்து அடர்த்தி சொல்லியிருந்தால் எழுதியவருக்கு நாடு தெரியாது. ‘ஆட்சிமொழி ஆங்கிலம் என அரசியலமைப்பு அறிவிக்கிறது’ என்பதும் அப்படித்தான். அரசியலமைப்பில் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை.

இணைய முகவரியில் ஏமாறாதீர்கள். நம் அரசுத் தளங்கள் ‘ஜி-ஓ-வி-எம்-யூ டாட் ஆர்க்’ என்று முடியும். அந்தச் சொல் முகவரியின் தொடக்கத்திலோ நடுவிலோ இருந்தால் போதாது. ‘https://’-க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முந்தைய கடைசித் துண்டாக அதுவே இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் தெரியும் ஆண்டும் சான்றல்ல, பல தளங்களில் அது தானாக மாறும். அட்டவணையின் கீழ் எந்தக் கணக்கெடுப்பு, எந்த ஆண்டு என்று இருக்கிறதா என்றே பாருங்கள்.

எண்களுக்கு மொரீஷியஸ் புள்ளியியல் துறையின் தளம் இருக்கிறது, இலவசம். கூலிகளின் பதிவேடுகளுக்கு மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகம்.

வங்கி அட்டையில் பணம் கட்டியவர்கள் ரசீதையும் அந்தப் பிடிஎஃபையும் வைத்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கட்டுரையை ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டவர்கள் ஆசிரியரிடம் சொல்லி அந்த இன அட்டவணையையாவது உடனே நீக்கிவிடுங்கள்.