ஆல்ஃபா பாயிண்ட்: வால்யூம் ஓட்டுவதா, இருப்பை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதா?

பைனான்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் புது டோக்கன்களை வாங்கி விற்கும் பகுதிதான் ஆல்ஃபா. அங்கே நாம் வாங்கும் தொகைக்கும் (வால்யூம்) வைத்திருக்கும் இருப்புக்கும் தினமும் பாயிண்ட் தருவார்கள், பாயிண்ட் சேர்ந்தால் இலவச டோக்கன் (ஏர்டிராப்) வாங்கலாம். அன்றைய கணக்கு முடிவது நமக்குக் காலை 5.30 மணிக்கு. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மச்சினன் 5 மணிக்கே எழுந்து, முந்தின நாள் விட்டுப்போன வால்யூமை ஓட்டுவான். நான் கடலூர் முதுநகரில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் போட்டது ஆளுக்கு ஆயிரம் டாலர்தான்.

விதி மாறியதுதான் சண்டைக்கே காரணம். கடைசி 15 நாள் பாயிண்டின் கூட்டுத்தொகைதான் நம் பாயிண்ட். ஆரம்பத்தில் கேட்ட அளவு இருந்தால் போதும், வருகிற ஏர்டிராப்பை எல்லாம் அள்ளலாம். 2025 மே 13 முதல் ஒவ்வொரு கிளெய்முக்கும், அதாவது ஏர்டிராப்பை வாங்கும் ஒவ்வொரு முறையும், பாயிண்ட் கழிகிறது, பெரும்பாலும் 15. 225 வைத்திருப்பவர், 200 கேட்கும் ஏர்டிராப் ஒன்றை வாங்கினால் 210, இன்னொன்றை வாங்கினால் 195. அப்புறம் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மச்சினன் வழி வால்யூம். 2 டாலருக்கு வாங்கினால் 1 பாயிண்ட், 4 டாலருக்கு 2, 8 டாலருக்கு 3 என்று ஒவ்வொரு பாயிண்டுக்கும் தொகை இரட்டிக்கிறது, அதனால் 1,024 டாலருக்கு 10 பாயிண்ட் வரும், 13 வேண்டுமென்றால் 8,192 டாலருக்கு வாங்க வேண்டும். மூன்றே மூன்று பாயிண்டுக்கு எட்டு மடங்கு! விற்பதற்குப் பாயிண்ட் கிடையாது என்பதால் அந்த ஆயிரம் டாலரையே வாங்கி விற்று, வாங்கி விற்று எட்டு சுற்றுக்கு மேல் விட வேண்டும். சுற்றுக்கு 0.05 சதவீதம் கட்டணத்திலும் ஸ்லிப்பேஜிலும் (பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) போகிறது என்று வையுங்கள், நாளுக்கு 4 டாலர், 15 நாளில் 60 டாலரைத் தாண்டிவிடும். அந்த இரண்டு ஏர்டிராப் அதற்கு மேல் தந்தால்தான் லாபக் கதையே.

சரி, இருப்பைக் கூட்டலாமே என்றால் அது இன்னும் மோசம். ஆயிரம் டாலர் இருப்புக்கு நாளைக்கு 2 பாயிண்ட் (வால்யூமின் 13ஓடு சேர்த்தால் 15, 15 நாளில் அந்த 225), பத்தாயிரத்துக்கு 3. ஒன்பதாயிரம் டாலரைக் கூடுதலாக முடக்கி, 15 நாளில் கிடைப்பது 15 பாயிண்ட், அதாவது ஒரே ஒரு கிளெய்ம்.

நான் நாளைக்கு 1,024 டாலரோடு நிறுத்திக்கொள்கிறேன். பத்தும் இரண்டும் பன்னிரண்டு, 15 நாளில் 180. இது 200க்குப் பத்தாதுதான். ஆனால் சில ஏர்டிராப்பில் பரிசு தீரும்வரை கேட்கும் அளவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 பாயிண்ட் இறக்குவார்கள், அதில் எப்போதாவது நுழைவேன். மற்றதெல்லாம் கை நழுவிப் போகும். போகட்டும்.

இதில் மச்சினன் காதில் வாங்காத விஷயம் வரி. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், ஒரு டோக்கனில் விட்டதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அந்த ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் வேறு. 8,192 டாலருக்கு விற்றால் அது 82 டாலர், அதுவும் ஒரே நாளைக்கு. ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்றாலும், ஆயிரம் டாலர் முதலில் அதற்குள் என்ன மிஞ்சும்? வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் பிடிக்காமல் விட்டாலும் சட்டம் இல்லாமல் போய்விடாது, ஒரு ஆடிட்டரைப் பார் என்றேன்.

"மாமா, மூணு பாயிண்ட்தான் கொறையுது, அதை எடுத்துட்டுப் பாத்துக்கலாம்" என்றான். போன வாரம் அலாரத்தை 4.30க்கு மாற்றிவிட்டான், 5 மணிக்கு எழுந்தால் சுற்று முடியவில்லையாம்.