ரேடியேட்டர் ஃபேன்: கையால் தட்டும் சுவிட்சா, தானாக ஓடும் தெர்மோ சுவிட்சா?

என் அம்பாசிடரில் இருப்பது பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின். கம்பெனி கொடுத்த ஃபேன் வாட்டர் பம்ப் முனையில் உட்கார்ந்து பெல்ட்டில் சுற்றும். வயரும் கிடையாது, ஃப்யூஸும் கிடையாது. அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டதில் தொடங்கியது என் வயரிங் படிப்பு.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா? மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது பெல்ட் ஃபேனைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் கியரில் வண்டி மெதுவாகப் போனாலும் என்ஜின் வேகமாகச் சுற்றும், கூடவே ஃபேனும் சுற்றும். அது படுத்துக்கொள்வது சிக்னலில்தான். ஐடிலில் என்ஜின் சோம்பினால் ஃபேனும் சோம்பும், மீட்டர் முள் மெல்ல ஏறும். எலக்ட்ரிக் ஃபேனுக்கு என்ஜின் வேகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அதனால் பெரும்பாலும் மலையில் ஓட்டுபவர் பழையதையே வைத்துக்கொள்ளலாம், ஊருக்குள் ஊர்ந்து போகிறவருக்கு மாற்றினால் லாபம். என் கட்சி இரண்டாவது.

சரி, ஃபேன் வந்தாயிற்று. கரண்ட் எப்படிக் கொடுப்பது? எலக்ட்ரீஷியனிடம் போனதும் கிடைத்த யோசனை இது: "டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் போட்டுத் தர்றனுங்க. வேணுங்கறப்ப நீங்களே தட்டிக்கலாமுங்க." அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. நானும் தலையாட்டினேன்.

அவர் கீ லைனிலிருந்தே (சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் லைன்) வயரை எடுத்து, சுவிட்ச் வழியாக நேராக ஃபேனுக்குக் கொடுத்துவிட்டார். ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், இல்லை. மூன்று கோளாறுகள் வரிசையாக வந்தன. என் ஃபேன் ஓடும்போது இழுப்பது 12 ஆம்பியர். கிளம்பும் கணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அது அத்தனையும் ஒரு சின்ன சுவிட்சின் பாயின்ட் வழியாகப் போனதால் சில வாரங்களிலேயே சுவிட்ச் சூடாகி பிளாஸ்டிக் வாடை அடித்தது. இரண்டாவது, வோல்ட்டேஜ் டிராப். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு, அங்கிருந்து மறுபடி முன்பக்கம் என்று ஆறு மீட்டர் வயர். அதுவும் 1 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் சுமார் 1.25 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஃபேன் சுற்றும், ஆனால் காற்று குறையும். மூன்றாவதுதான் வேடிக்கை. ஃபேன் ஓடும்போது சாவியைத் திருப்பினால் என்ஜின் உடனே நிற்காது. சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் ஒரு குட்டி டைனமோவாகிக் கீ லைனுக்கே கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கரண்டில் இக்னிஷன் காயில் இன்னும் ஒரு நொடி உயிரோடிருக்கும்.

இவை மூன்றுக்கும் மருந்து ரிலேதான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87-ஆம் முனையிலிருந்து ஃபேனுக்கு. 86-க்குக் கீ லைன். 85-ஐ எர்த் செய்தால் ரிலே ஒட்டும். அந்த எர்த்தைத் துண்டித்து இணைப்பதுதான் சுவிட்சின் வேலை. ரிலேயின் காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு, எந்தச் சுவிட்சும் தாங்கும். உள்ளே டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் உறுப்பு) வைத்த ரிலே என்றால் 85, 86 இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. மாற்றினால் டயோடு வழியாக நேர் ஷார்ட்.

ரிலே போட்டும் சுவிட்ச் முறையில் ஒரு ஓட்டை அடைபடவில்லை, அது ஓட்டுநர். எனக்குத் தெரிந்தவரை சுவிட்ச் வைத்த எல்லோரும் என்றாவது ஒருநாள் மறந்திருக்கிறார்கள். நான் மறந்தது ஒரு ரயில்வே கேட்டில். போனில் பேசிக்கொண்டே நின்றேன், பானட் ஓரம் ஆவி வந்தபோதுதான் நினைவு வந்தது. ஹெட் கேஸ்கட் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் தெர்மோ சுவிட்ச். கூலன்ட் 92 டிகிரி வாக்கில் ஏறினால் உள்ளே பாயின்ட் ஒட்டும், 87 வாக்கில் இறங்கினால் விடும். தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் சூட்டைவிட இது சில டிகிரி மேலே இருக்க வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் வைத்துவிட்டு 80-இல் ஒட்டும் சுவிட்சைப் பொருத்தினால் ஃபேன் நிற்கவே நிற்காது. மின்சார வேலை முன்பு சொன்னதேதான், கைச் சுவிட்சின் இடத்தில் தெர்மோ சுவிட்ச் உட்காரும், அவ்வளவே.

தலைவலி அதை எங்கே பொருத்துவது என்பதில் இருக்கிறது. ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் ஒரு பித்தளை வளையத்தைப் பற்றவைத்து மரை போடலாம். நல்ல வேலை, ஆனால் ரேடியேட்டர் கடைக்குப் போக வேண்டும். அங்கே இருப்பது ஆறிய தண்ணீர் என்பதால் சுவிட்சும் கொஞ்சம் குறைந்த டிகிரியில் ஒட்டுவதாகப் பார்க்க வேண்டும். எளிய வழி மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் உலோக அடாப்டர் சொருகுவது. நான் செய்தது இதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழித்ததும் இதனால்தான். ஒற்றை முனைத் தெர்மோ சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். அடாப்டரோ இருபக்கமும் ரப்பர் ஹோஸுக்கு நடுவே அந்தரத்தில் நிற்கிறது. எர்த் எங்கிருந்து வரும்? அடாப்டரிலிருந்து என்ஜினுக்கு ஒரு வயர் இழுத்தேன், ஃபேன் உடனே சுற்றியது. இரட்டை முனைச் சுவிட்ச் வாங்கியிருந்தால் இந்தக் கூத்து இல்லை.

ரிலேயின் 86-க்குக் கீ லைனா, நேர் பேட்டரி லைனா என்று ஒரு வாதம் உண்டு. பேட்டரியில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடும், சூடு தணியும் என்பார்கள். என்ஜின் நின்றால் வாட்டர் பம்பும் நின்றுவிடுகிறதே! ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீர்தான் ஆறும், ஹெட் ஆறாது. பேட்டரி இறங்குவதோடு, பானட்டுக்குள் கை வைத்திருக்கும்போது ஃபேன் திடீரென்று கிளம்பும் ஆபத்தும் உண்டு. என் ஓட்டு கீ லைனுக்கே. மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதையில் இறங்கும்போது மட்டும் ஃபேனை நிறுத்தியாக வேண்டும். தண்ணீருக்குள் ஃபேன் சுற்றினால் இறக்கை உடையலாம், ஃப்யூஸ் போகலாம். ஆனால் சாவியை அணைத்தால் வண்டியே நின்றுவிடும், ஆகவே 86-க்குப் போகும் வயரில் ஒரு கட் சுவிட்சும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது போட்டியாளர் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர். சூட்டுக்கு ஏற்ப ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், மெதுவாகக் கிளப்பும். புதிய கார்களில் இந்த வேலையை ஈசியூ, அதாவது என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு இது ஆடம்பரம். நடுவழியில் அது செத்தால் பட்டறைக்காரரும் கையை விரிப்பார்.

எந்த முறை என்று முடிவெடுக்கும் முன் டைனமோவைப் பாருங்கள். பழைய லூகாஸ் டைனமோ முழு வேகத்திலேயே 20 ஆம்பியர் சொச்சம்தான் தரும், ஐடிலில் ஒன்றும் தராது. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போக 12 ஆம்பியர் ஃபேனுக்கு எங்கே போவது? டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடாமல் எலக்ட்ரிக் ஃபேன் போடுவது வீண். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவை பாடியில் இணைத்த) வண்டியாக இருந்தால் ஃபேன் முனைகளையும் பார்த்து இணைக்க வேண்டும், இல்லையென்றால் காற்று எதிர்த்திசையில் போகும்.

இப்போது என் வண்டியில் இருப்பது தெர்மோ சுவிட்ச், அதற்குப் பக்கவாட்டில் எர்த்தோடு இணைத்த ஒரு கைச் சுவிட்ச். தெர்மோ சுவிட்ச் செத்தால் நான் தட்டுவேன், நான் மறந்தால் அது ஒட்டும். 87-இலிருந்து டேஷ்போர்டில் ஒரு சின்ன பல்பு. அது எரிந்தால் ரிலே கரண்ட் கொடுக்கிறது என்று அர்த்தம், ஃபேன் சுற்றுகிறது என்று அல்ல. அதற்குக் காதைத்தான் நம்ப வேண்டும். ஃபேனின் எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். நான் பார்த்த "ஃபேன் போச்சு" கேஸ்களில் பாதி துருப்பிடித்த எர்த்.

ரிலேயே மண்டையைப் போட்டால்? சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, 30-க்கும் 87-க்கும் நடுவே ஒரு வயரைச் செருகினால் போதும். டிக்கியில் இரு முனையிலும் லக் அடித்த ஒரு அடி வயர் கிடக்கிறது. பர்லியாறு பக்கம் ஒருமுறை அதைச் செருகித்தான் மேலே போனேன். ஊட்டியில் வண்டியை நிறுத்தும்போது மறக்காமல் பிடுங்கினேன்.