மோர்ஸ் அருங்காட்சியகத்தின் டிஃபனி சிற்றாலயம்

ஃப்ளோரிடாவின் வின்டர் பார்க் நகருக்குச் செல்பவர்கள், 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்காக அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி வடிவமைத்த சிற்றாலயத்தை அங்குள்ள மோர்ஸ் அருங்காட்சியகத்தில் அவசியம் பார்க்க வேண்டும். பலிபீடத்தின் பின்சுவரில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, கண்ணாடிச் சில்லுகளால் பதித்த மயில்கள் நாம் நகர நகர நிறம் மாறி மின்னுகின்றன. மயில் என்றதும் முருகனை நினைக்கும் நமக்கு, கிறித்தவ மரபில் அது அழியா வாழ்வின் அடையாளம் என்பது புதிய செய்தியாக இருக்கலாம். மேலே, சிலுவை வடிவில் பச்சைக் கண்ணாடியாலான பெரிய மின்விளக்கு தொங்குகிறது.

கண்காட்சிக்குப் பிறகு நியூயார்க்கில் புனித யோவான் பேராலயத்தின் நிலவறையில் வைக்கப்பட்டு ஈரத்தால் பழுதடைந்த இந்த ஆலயத்தை, 1916இல் டிஃபனியே மீட்டு, லாங் ஐலண்டில் இருந்த தம் லாரல்டன் ஹால் மாளிகை வளாகத்தில் அமைத்தார். 1957இல் மாளிகை தீக்கிரையானபோது, அவருடைய மகள் எழுதிய கடிதத்தைக் கண்டு விரைந்த, மோர்ஸ் அருங்காட்சியகத்தை நடத்திவந்த ஹியூ மெக்கீன், ஜெனட் மெக்கீன் தம்பதியர் எஞ்சியவற்றை வாங்கியதோடு, வெவ்வேறு இடங்களுக்குப் போய்விட்ட பகுதிகளையும் தேடிச் சேர்த்தனர். தந்தையின் படைப்பு அழிந்துவிடக் கூடாதென்று உரியவரிடம் உரிய நேரத்தில் சொன்ன அந்த மகளை நான் மிகவும் மதிக்கிறேன். தூண்கள், வளைவுகள், ஞானஸ்நானத் தொட்டி என அனைத்தையும் மீண்டும் ஓர் ஆலயமாகவே இணைத்து, 1999இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது அருங்காட்சியகத்தின் பெரும் சாதனை. 2011இல் தொடங்கப்பட்ட லாரல்டன் ஹால் பிரிவையும் அதே வருகையில் பார்த்துவிடுவது நல்லது.