நாலு வருஷ யு.பி.எஸ்: கரண்டைத் தாங்குகிறது, சத்தம்தான் தாங்க முடியவில்லை

கரண்ட் போனால் கம்ப்யூட்டரை அணைய விடாமல் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட்டுகிற பெட்டிதான் யு.பி.எஸ். போன வாரம் என்னுடையதற்கு இரண்டாம் முறையாகப் பேட்டரி மாற்றினேன். கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது குடியாத்தத்திலிருந்து நாத்தனார் மகன் போன் செய்தான். அங்கே டிடிபி கடை வைத்திருக்கிறான். "இன்னா அத்தை, உங்க வீட்ல இருக்கிற யு.பி.எஸ்ஸையே நானும் வாங்கிடட்டுமா? நல்லா உழைக்குதுன்னு மாமா சொன்னாரு" என்று கேட்டான். வாங்கு என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துச் சின்னத் தோல் பட்டறைகள், செருப்புப் பட்டறைகள், காந்தி ரோட்டில் நாலைந்து கடைகள். மாதாமாதம் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி ரிட்டர்ன். இந்த இரண்டு தேதிக்கும் முந்தைய ராத்திரிகளில்தான் பாதி பேர் பில்லையே அனுப்புவார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது நம் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. அதே வாரம்தான் 20-ம் தேதி. விடாத மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. 19 ராத்திரி என் கம்ப்யூட்டர் மூன்று முறை பட்டென்று அணைந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு ஒரு பட்டறையின் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை. பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து, விட்டுப்போன பில்களை மறுபடி போட்டு முடிக்க விடிந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் 3,200 ரூபாய் கொடுத்து இந்த யு.பி.எஸ்ஸை வாங்கினேன்.

பெட்டி மேல் போட்டிருக்கும் அளவு 600 விஏ, நிஜமாகத் தாங்கும் சுமை 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஏஹெச் கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்று. பின்னால் மூன்று சாக்கெட். சி.பி.யூ, மானிட்டர், நெட் மோடம் மூன்றையும் அதில் செருகினேன். மோடமை அதில் போடுவதை யாரும் மறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் உயிரோடு இருந்து நெட் போய்விட்டால் ஜி.எஸ்.டி போர்ட்டல் வெளியே தள்ளிவிடும், உள்ளே தட்டிக்கொண்டிருந்தது போய்விடும். எல்லாம் சேர்ந்து சுமார் 100 வாட் இழுக்கிறது. பேட்டரி புதிதாக இருந்தபோது 22 நிமிடம் தாங்கியது. கோடைக்கால சாயங்காலங்களில் வோல்டேஜ் இறங்கும்போது உள்ளே ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் 'டக்' என்று மாறி, பேட்டரியைத் தொடாமலே வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும். இதெல்லாம் சரியாகவே செய்கிறது. பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்வரை இந்த நாலு வருஷத்தில் ஒரு முறைகூட என் கம்ப்யூட்டரைக் கைவிட்டதில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

என் கோபமெல்லாம் அந்தச் சத்தத்தின் மேல்தான்.

கரண்ட் போன நொடியில் பீப் தொடங்கும். நாலு நொடிக்கு ஒரு முறை, கீச்சென்று, காதுக்குள் ஊசி விட்ட மாதிரி. கரண்ட் வரும்வரை நிற்காது. நிறுத்த பட்டன் கிடையாது. பவர் பட்டனை ஒரு முறை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னார். அழுத்தினேன், யு.பி.எஸ்ஸே அணைந்தது. கூட வந்த சின்னப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். எந்த பீப்புக்கு என்ன அர்த்தம் என்று பட்டியல் இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை. லோ வோல்டேஜ் நாட்களில் இன்னும் மோசம். வோல்டேஜ் ரொம்பவே இறங்கிவிட்டால் ரிலேவால் சமாளிக்க முடியாமல் பேட்டரிக்குப் போகும், இரண்டு பீப், திரும்பி வரும், மறுபடி போகும். ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை இப்படியே. அடுத்த அறையில் என் மாமனார் படுத்திருப்பார். எண்பது வயதைத் தாண்டியவர், தூக்கமே கோழித் தூக்கம். ஒவ்வொரு பீப்புக்கும் அவர் புரண்டு படுக்கும் கட்டில் சத்தம் எனக்குக் கேட்கும். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதிலிருந்து லைன் கொடுத்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2012-ல் நாள் முழுக்க கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அந்த வருஷம் வாங்கிய இன்வெர்ட்டர் அது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்த அறையின் பிளக்குக்கும் அதிலிருந்து லைன் இழுத்தேன். கரண்ட் போனது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஆனால் யு.பி.எஸ் பேட்டரியிலேயே நின்று கத்திக்கொண்டே இருந்தது. யு.பி.எஸ்தான் கோளாறு என்று கடையில் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரண்டைச் சீரான அலையாகத் தராமல் சதுரம் சதுரமாகத் தரும் ரகம். ஃபேன், லைட்டுக்கு அது போதும். ஆனால் யு.பி.எஸ் தனக்கு வரும் கரண்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும். அந்தக் கரடுமுரடான அலையைக் கண்டால் கரண்டே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளும். அதாவது இதில் யு.பி.எஸ் மேல் தப்பே இல்லை. அன்று அந்த மெக்கானிக்கிடம் நான் பேசிய பேச்சுக்கு அப்புறம் போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தேன். சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கினால் இரண்டும் ஒத்துப்போகும், அதன் பின்னால் உள்ள சுவிட்சை யு.பி.எஸ் மோடில் வைக்க வேண்டும் என்றார். ஓடுகிற இன்வெர்ட்டரைத் தூக்கிப் போட வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. பிளக் பழையபடி ஈ.பி லைனுக்கே போனது.

2023 மார்ச்சில் பொறுக்க முடியாமல், சத்தம் வரும் ஓட்டையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு மடிப்பாக ஒட்டினேன். சத்தம் கால்வாசி ஆனது. இரண்டு வாரம் நிம்மதி. மார்ச் 31 ராத்திரி, வருஷக் கணக்கு முடிக்கிற நாள். ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, காதில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு பட்டறைக்காரரோடு பேசியபடியே பதிந்துகொண்டிருக்கிறேன். திடீரென்று திரை கறுத்துவிட்டது. கரண்ட் எப்போதோ போயிருக்கிறது. ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டரில் ஓடுகிறபோது கரண்ட் போனது எனக்கு எப்படித் தெரியும்? சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த பீப்தான், அதன் வாயை நானே கட்டி வைத்திருந்தேன். ஒரு மணி நேர வேலை போனது. அன்று ராத்திரியே டேப்பைப் பிய்த்தேன்.

ஆகவே பீப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் நாலு பீப் அடித்துச் சொல்லட்டும், பட்டனைத் தட்டினால் வாயை மூடட்டும், பேட்டரி தீரப்போகும்போது மறுபடி கத்தட்டும். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் இருப்பது அப்படித்தான் செய்கிறது. அதோடு அதற்கு யு.எஸ்.பி கேபிளும் உண்டு. கம்ப்யூட்டரில் செருகினால் லேப்டாப்பில் தெரிவதுபோல மூலையில் பேட்டரி படம் வந்துவிடுகிறது. எந்த அளவுக்கு இறங்கினால் ஹைபர்னேட் ஆக வேண்டும் என்று விண்டோஸிலேயே சொல்லி வைக்கலாம். ஆள் இல்லாவிட்டாலும் திறந்திருந்த வேலை அப்படியே பத்திரமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என்னுடையதைப் பார்த்தாலே எரிச்சல்தான். விலை வித்தியாசமும் கூரையைப் பிய்க்கிற மாதிரி இல்லை.

இனி பேட்டரி. முதல் பேட்டரி 18 மாதத்தில் போனது. 2023 மே, அக்னி நட்சத்திரம். 22 நிமிடம் தாங்கியது 4 நிமிடம்கூடத் தாங்கவில்லை. யு.பி.எஸ்ஸுக்கு இரண்டு வருஷ வாரண்டி, பேட்டரிக்கு ஒரு வருஷம்தான். மட்டமான பேட்டரி போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கழற்றப் போனபோது டப்பாவைத் தொட்டேன், இட்லிப் பானை மாதிரிச் சுட்டது. மேசைக்குள் கதவு போட்ட தட்டில், மேற்குச் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். வேலூரில் மேற்குச் சுவர் என்றால் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் முழுக்க வெயில் வாங்கும், மொட்டை மலைகள் ராத்திரியிலும் அனல் விடும். இந்த வகைப் பேட்டரிக்கு 25 டிகிரிதான் உகந்த சூடு. அதற்கு மேல் எட்டிலிருந்து பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மூடிய தட்டுக்குள், அதன் சொந்தச் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டாவது பேட்டரி போட்டபோது கிழக்குப் பக்கம், தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி மாற்றி வைத்தேன். அது 30 மாதம் வந்தது. பேட்டரி அதே கம்பெனிதான், மாறியது இடம்தான்.

மாற்றுவது கஷ்டமில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு அடியில் நாலு ஸ்க்ரூ, உள்ளே சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர். ஆனால் பழைய பேட்டரியைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். ஒயர் முனை செருகும் டெர்மினல் தகடு 4.8 மி.மீ, 6.3 மி.மீ என்று இரண்டு அகலத்தில் வருகிறது. போன முறை அகலமானதை வாங்கி வந்து, ஒயர் முனை நுழையாமல், மறுபடி ஆபீசர்ஸ் லைன்வரை போய் வந்தேன். பேட்டரி மேல் தயாரித்த மாதம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அலமாரியில் சார்ஜ் போடாமல் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தது புதிதே ஆனாலும் பாதி செத்தது. வரி சேர்க்காத விலை முன்பு போலவே ஆயிரம்தான். 2023-ல் 28 சதவீத வரியோடு 1,280 கொடுத்தேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து வரி 18 சதவீதம் ஆகிவிட்டதால் இப்போது 1,180. பழசுக்கு 150 கழித்தார்கள். பழசைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், உள்ளே ஈயமும் ஆசிடும். போட்டதும் ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் ஆக விட்டேன். மறுநாள் எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்ததில் 21 நிமிடம். பிளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை அணைத்துச் சோதிப்பது நல்லது, எர்த் விட்டுப்போகாது. மாதம் ஒரு முறை இப்படிச் செய்து டைரியில் குறித்துவருகிறேன். பத்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் அடுத்த பேட்டரிக்குக் காசு எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

போன் செய்த குடியாத்தத்துத் தம்பிக்கு வருகிறேன். அவன் மெஷினில் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, பெரிய மானிட்டர் இருக்கிறது. 600 விஏ என்றால் 600 வாட் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு 1,000 விஏவுக்குக் குறையாமல் வேண்டும். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான '80 ப்ளஸ்' முத்திரை உள்ள பவர் சப்ளை போட்டிருப்பதாகவும் சொன்னான். என்னுடையது போன்ற விலையில் வருபவை பேட்டரிக்கு மாறும்போது சீரான சைன் வேவை அல்ல, படிக்கட்டு மாதிரியான அலையைத்தான் தரும். அந்த மாதிரி பவர் சப்ளைகளில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடுவதுண்டு. பில் போடும் முன் சி.பி.யூவைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய்ச் செருகிப் பார்க்கச் சொன்னேன். லேசர் பிரிண்டரை எந்தக் காரணம் கொண்டும் யு.பி.எஸ்ஸில் செருகக் கூடாது. மசியை உருக்கும் ஹீட்டர் சூடாகும் நேரத்தில் நூற்றுக்கணக்கான வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும், யு.பி.எஸ் ஓவர்லோடு என்று விழுந்துவிடும்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது, சரி, இதன் அண்ணனாக ஒரு 1,000 விஏவை இதே கம்பெனியிலேயே வாங்கச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நாலு வருஷமாக வேலையைக் காப்பாற்றியிருக்கிறது, நியாயமாகப் பார்த்தால் அதுதான் பதில்.

நேற்று 19-ம் தேதி. ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. ரிட்டர்னில் கடைசிப் பக்கம், ஓ.டி.பி வர வேண்டும். புதுப் பேட்டரி, பயம் இல்லை. பீப், பீப், பீப். ஓ.டி.பி வர நாலு நிமிடம் ஆனது. தாக்கல் ஆகி ரசீது எண் திரையில் வந்தபோது அடுத்த அறையிலிருந்து மாமனார், "ஏம்மா, கரண்ட் போச்சா? வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவர் அதுவரை தூங்கவே இல்லை.

காலையில் தம்பிக்கு போன் போட்டேன். இந்தக் கம்பெனி வேண்டாம், பீப்பை நிறுத்தப் பட்டன் இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்கு, யு.எஸ்.பி இருந்தால் ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை என்றேன். "அப்ப உங்களோடத இன்னா பண்ணப் போறீங்க அத்தை?" என்றான்.

பேட்டரி இப்போதுதானே போட்டிருக்கிறேன், இது ஓடட்டும் என்றேன்.