சேற்று நண்டா, கடல் நண்டா?

காசிமேட்டில் இரண்டும் கிடைக்கின்றன. கடல் நண்டுகளான நீலக்கால் நண்டும், முதுகில் மூன்று புள்ளிகள் உள்ள நண்டும் ஐஸில் கிடக்கும். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிய சேற்று நண்டு கூடைக்குள் உயிரோடு நெளியும். எங்கள் வீட்டில் இப்போது சேற்று நண்டுதான்.

மலிவு விலையில் கடல் நண்டுக்கே வெற்றி. ஓடு மெல்லியது, நறுக்குவது சுலபம், ரசத்துக்கு அதன் இனிப்பு தனி. இதில் வாதமே இல்லை.

ஆனால் எனக்கு முக்கியம் உயிர். நண்டு செத்ததும் அதன் செரிமானச் சுரப்பியில் உள்ள நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்குகின்றன. சமைத்தால் சதை நாராகப் பிரியாமல் மாவாகக் குழைகிறது. ஐஸில் இருப்பது எப்போது செத்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கால்கள் தொங்கினாலோ அமோனியா நெடி அடித்தாலோ எடுக்கவே கூடாது. சேற்று நண்டோ ஈரச் சாக்குக்குள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். கண்ணைத் தொட்டால் சட்டென்று உள்ளிழுக்கும். அதைவிட நல்ல சாட்சி எது?

உயிரோடு வாங்கினால் வேலை கூடும் என்பது உண்மை. நண்டை அப்படியே கொதிநீரில் போட்டால் துடித்துக் கால்களை உதிர்த்துவிடும். அதற்கும் வேதனை, சதைக்குள்ளும் தண்ணீர் இறங்கும். அசைவு முழுக்க அடங்கும்வரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். பிறகு மல்லாத்தி, அடிவயிற்று மடிப்பைத் தூக்கினால் சிறு குழி தெரியும். அதில் கூரிய கம்பியை அழுத்திக் குத்துங்கள். கண்களுக்கு நடுவிலும் ஒரு குத்து. அதுவரை கொடுக்குக் கட்டை அவிழ்க்காதீர்கள், விரலை நசுக்கிவிடும். ஓட்டைப் பிரித்து, விரல் விரலாக நிற்கும் சாம்பல் நிறச் செவுள்களையும், கண்களுக்குப் பின்னால் உள்ள இரைப்பையையும் எறிந்துவிடுங்கள். கொடுக்கைக் குழவியால் ஒரே தட்டு. நொறுக்கினால் குழம்பெல்லாம் ஓட்டுத் துணுக்கு.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பழைய ஓட்டைக் கழற்றிச் சில நாட்களே ஆன தண்ணீர் நண்டு. உருவம் பெரிது, உள்ளே சதை இருக்காது. கால் சேருமிடத்தில் அடிப்பக்கத்தை அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம். முட்டை சுமக்கும் பெண் நண்டையும் விட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டு நண்டு வேண்டுமே.

ஊரையும் கேட்டு வாங்குகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய பிறகு, “பழவேற்காட்டு நண்டுதானே அக்கா?” என்று கேட்காமல் கூடையில் கை வைப்பதில்லை.

நாட்டுப் படகுக்காரர்கள் விடியற்காலையில் வலையிலிருந்து பிரித்தெடுக்கும் கடல் நண்டு உயிரோடு கிடைக்கும். அதை நான் அதிகம் சமைத்ததில்லை. நான் வேண்டாம் என்பது ஐஸ் நண்டை மட்டும்தான். கரையோரம் குடியிருப்பவர்கள் ரசத்துக்கு உயிருள்ள கடல் நண்டைத் தாராளமாக வாங்கலாம். மிளகு தூக்கலாக, சதை திரண்ட வறுவல் வேண்டுமென்றால் சேற்று நண்டுக்குக் காசைக் கூடக் கொடுங்கள்.