'கைண்ட்லி'யா, 'குட் யூ'வா? ஆங்கிலக் கடிதத்தில் ஒன்றைக் கேட்கும் வழிகள்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கல்லூரிகளுக்கும் குறைவில்லை, ஆங்கிலம் படித்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவரிடம் உதவி கேட்டு ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டும் என்றால், நன்றாகப் படித்த பிள்ளைகளே ஆறாம் வகுப்பு விடுப்புக் கடிதத்தில் போய் நிற்கிறார்கள். 'ரெஸ்பெக்டட் சார், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி' என்று தொடங்கினால்தான் கை ஓடுகிறது. ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில், நம்மவர்கள் எடுத்தாளும் நடைகளில் எது எங்கே செல்லும், எது எங்கே செல்லாது என்று பார்க்கலாம்.

முதலில் அந்த விடுப்புக் கடித நடை. அதை நான் இழிவாக நினைக்கவில்லை. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பது இல்லாவிட்டால் மனுவே முழுமை அடையாததுபோல் இருக்கும். நம் நாட்டு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினாலும் அதே பழக்கம்தான். 'கைண்ட்லி' அங்கே மரியாதையாகவே படிக்கப்படும். அதே சொல் லண்டனுக்கோ சிகாகோவுக்கோ போனால் நிலைமை வேறு. அங்கே அது பழங்கால வாசனை அடிக்கும். சில இடங்களில், பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோலவும் ஒலிக்கும். 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு' என்பது இன்னும் மோசம். அது சுவரில் ஒட்டிய அறிவிப்பின் குரல், ஒரு மனிதர் இன்னொருவரிடம் கேட்கும் குரல் அல்ல.

இந்த நடையில் எனக்குத் தீராத கோபம் 'டூ த நீட்ஃபுல்' மீதுதான். ஒரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்களே எழுதிய தொடர் அது. அவர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. பழையது என்பதால் எனக்கு அதன்மேல் வெறுப்பு இல்லை. ஆவன செய்யுங்கள் என்கிறதே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. படிப்பவர் தலையில் யோசிக்கும் வேலையையும் சேர்த்துக் கட்டிவிட்டு அதைப் பணிவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்தது 'ப்ளீஸ்'. சேர்த்துவிட்டால் எல்லாம் மரியாதையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 'ப்ளீஸ் செண்ட் த ஃபைல்' என்பது கட்டளைதான், விளிம்பு மழுங்கிய கட்டளை. கொடுக்க வேண்டியது எதிராளியின் கடமை என்றாலோ, கேட்பது மிகச் சிறியது என்றாலோ அது போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அது. மத்திய அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கட்டணம், பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும், எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அங்கே 'ப்ளீஸ் ப்ரொவைட் காப்பீஸ் ஆஃப்' என்று எழுதி, வேண்டிய ஆவணங்களைத் தெளிவாகக் குறித்தால் முடிந்தது. உரிமையாக வர வேண்டியதைக் கெஞ்சிக் கேட்டு எழுதியிருந்தால் நான் அந்த வரிகளை அடித்துவிடுவேன்.

நான் அதிகம் பரிந்துரைப்பது 'குட் யூ'. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பிரிவு இல்லை. நாம் 'வா'வை 'வாருங்கள்' ஆக்கி, கூடவே ஓர் 'அண்ணாச்சி' போட்டு முடித்துவிடுகிற மரியாதையை அவர்கள் வினைச்சொல்லில்தான் ஏற்ற வேண்டும். 'கேன்' 'குட்' ஆகிறது, 'வில்' 'வுட்' ஆகிறது. கட்டளை கேள்வியாகிறது.

பத்தமடைப் பாய் விற்கும் ஒருவர் இங்கிலாந்தில் உள்ள கடைக்காரருக்கு எழுதிய கடிதம் ஒன்று திருத்த வந்தது. 'கைண்ட்லி செண்ட் ஃபிஃப்டி பெர்சென்ட் அட்வான்ஸ் இம்மீடியட்லி அண்ட் டூ த நீட்ஃபுல்.' கடிதம் அவ்வளவுதான். "மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறேன், அண்ணாச்சி" என்றார். அவர் மனத்தில் மரியாதை இருந்தது உண்மை. படிப்பவர் காதில் விழப்போவது 'உடனே பணத்தை அனுப்பு' என்பது மட்டும்தான். முதலில் காரணத்தை எழுதச் சொன்னேன். கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயம் தோய்த்து, அதன்பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். கோரைக்கும் கூலிக்கும் முன்பணம் வேண்டும். இதை இரண்டு எளிய வரிகளில் சொல்லிவிட்டு, 'குட் யூ செண்ட் ஹாஃப் த அமௌண்ட் பை த டென்த் ஆஃப் ஜூன்?' என்று முடித்தோம். தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, ஏன் என்பதும் இருக்கிறது. 'இம்மீடியட்லி' போய்விட்டது. தேதி சொன்னபிறகு அதற்கு வேலையே இல்லை.

'குட் யூ' என்று தொடங்கினால் இறுதியில் கேள்விக்குறி போடுங்கள். முற்றுப்புள்ளி வைத்தால் கேள்வி மீண்டும் கட்டளைப் பக்கம் சாய்ந்துவிடும்.

'வுட் யூ மைண்ட்' பேச்சில் அழகானது. கடிதத்தில் நான் தவிர்க்கிறேன். ஆட்சேபம் உண்டா என்பதுதான் கேள்வி என்பதால், 'நோ' என்று வந்தால்தான் சம்மதம். ஒருவர் அவசரத்தில் 'யெஸ்' என்று மட்டும் பதில் போட்டால், ஒத்துக்கொண்டாரா மறுத்தாரா என்று மறுபடியும் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

பெரிய உதவிகளுக்கு இந்த நடைகள் எதுவும் போதாது. இங்கே ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். பெனலோப் பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் மனிதர்கள் பேச்சில் பணிவு காட்டும் முறைகளை ஆராய்ந்தார்கள். அவர்களின் ஆய்வு 1978இல் வெளிவந்து, 1987இல் தனி நூலானது. முதன்மையாக அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் பழங்குடி மொழியான செல்டால், நம் தமிழ். எவ்வளவு பணிவு தேவை என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்றார்கள்: இருவருக்கும் இடையே உள்ள பழக்கம், அதிகாரத்தில் யார் மேலே, கேட்பது எவ்வளவு பெரிய சுமை. கடிதம் எழுத உட்காரும் எவருக்கும் இந்த மூன்று கேள்விகளைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. நம் பிள்ளைகள் முதல் இரண்டைச் சரியாகவே கணிக்கிறார்கள். மூன்றாவதில்தான் தவறுகிறார்கள். ஒரு சான்றிதழ் நகல் கேட்கவும் அதே குனிவு, ஒருவருடைய ஒருநாள் உழைப்பைக் கேட்கவும் அதே குனிவு.

மேற்படிப்புக்கு வெளிநாடு போக விரும்பும் மாணவர்கள் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதுவதில் இதைப் பார்க்கிறேன். 'ஐ நீட் எ ரெக்கமண்டேஷன் லெட்டர் பை டுமாரோ. ப்ளீஸ் சார், கைண்ட்லி கன்சிடர்.' பணிவுச் சொற்கள் இரண்டு இருக்கின்றன, 'டுமாரோ' அவற்றை விழுங்கிவிடுகிறது. இங்கேதான் 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ வுட் பி வில்லிங் டு' என்பதும், 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்பதும் வேண்டும். இரண்டில், நன்கு பழகிய ஆசிரியருக்கு முன்னதும், அவ்வளவு பழக்கமில்லாதவருக்குப் பின்னதும் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஒரே கடிதத்தில் இரண்டையும் போட்டுக் குழைக்க வேண்டாம். எந்த ஆண்டு அவரிடம் படித்தேன், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், கடைசித் தேதி என்ன என்பவற்றைச் சேருங்கள். கடைசித் தேதிக்கு மூன்று வாரமாவது முன்னால் எழுதுங்கள். கூடவே 'ஐ வில் அண்டர்ஸ்டாண்ட் இஃப் யூ ஆர் டூ பிஸி' என்று ஒரு வரி. மறுக்க ஒரு வாசலைத் திறந்து வைக்கும் அந்த வரியைத்தான் பிள்ளைகள் எழுதப் பயப்படுகிறார்கள். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மனமில்லாத ஒருவர் கடமைக்கு எழுதித் தரும் பரிந்துரையால் உங்களுக்கு நன்மை இல்லை. முன்கூட்டியே மறுத்தால் வேறு ஆசிரியரைத் தேட நேரம் கிடைக்கும்.

'தேங்கிங் யூ இன் அட்வான்ஸ்' என்று முடிப்பது வேண்டாம். அவர் சம்மதிக்கும் முன்பே சம்மதித்ததாக வைத்துக்கொள்கிறது அது. வெறும் 'தேங்க் யூ' போதும்.

பதில் வரவில்லை என்றால் நினைவூட்டுவதில் தவறில்லை. 'ஜென்டில் ரிமைண்டர்' என்ற தலைப்பை விட்டுவிடுங்கள், பழைய கடிதத்தின் கீழேயே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, 'ஹேவ் யூ ஹேட் எ சான்ஸ் டு லுக் அட் திஸ்?' என்று ஒரு வரியும், கடைசித் தேதியை மறுபடி ஒருமுறையும். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது மின்னஞ்சல் அனுப்பாமல், பஸ் ஏறிக் கல்லூரிக்கே போய் அவரை நேரில் பாருங்கள்.