‘புத்தம் புதியது’ என்று தலையில் கட்டிய சீபேப் இயந்திரம்

உறக்கத்தில் மூச்சு தடைப்படாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபேப் (CPAP) இயந்திரத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் மலையகத்துக் குடும்பங்கள் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தலவாக்கலையில் எங்கள் அப்பாவின் குறட்டை பக்கத்துக் காம்பராவரை கேட்கும். உறக்கப் பரிசோதனையில் மணித்தியாலத்துக்கு 34 தடவை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. 30 வந்தாலே கடுமையான நிலை. காற்றழுத்தம் 11 என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். கண்டியில் மருத்துவ உபகரணம் விற்கும் ஒருவர், புதியது என்று சொல்லிப் பெட்டியோடு தந்தார். அக்காவின் காப்புகள் அடகுக்குப் போயின. பற்றுச்சீட்டில் ‘உபகரணம் 1’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதல் இரவே அப்பா முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். மூக்குத் தண்டில் சிவந்த தடம். ஓரத்தால் கசிந்த காற்று நேரே கண்ணுக்குள். விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டால், “பழகப் பழகச் சரியாகிவிடும்.” வாய் காய்கிறது என்றாலும் அதே பதில், குழாயில் தண்ணீர் நிற்கிறது என்றாலும் அதே பதில்.

பழக வேண்டியவை உண்டுதான். நம் ஊர்க் குளிரில், ஈரப்பதத்தோடு வரும் வெதுவெதுப்பான காற்று குழாய்க்குள் தண்ணீராகிக் கடகடக்கும். ஈரப்பத அளவைக் குறைத்துக் குழாயைக் கம்பளிக்குள் விட்டால் அடங்கும். அதைச் சொல்லித்தரவும் அவருக்கு மனமில்லை, வைத்தியசாலைத் தாதிதான் சொன்னார். கண்ணில் காற்றடிப்பது மட்டும் எத்தனை மாதமானாலும் பழகாது. அது முகமூடியின் அளவுப் பிழை. கையிருப்பில் கிடந்த பெரியதைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

பிறகு ஒரு காலை, குழாய் வாயில் தேயிலைத் தூள் போலக் கறுப்புத் துகள்கள். “தூசி, துடைத்துவிடுங்கள்” என்றார் விற்ற மகராசன். இயந்திரத்தை வைத்தியசாலைக்கே தூக்கிப்போனோம். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஓடிய நேரம் 6,000 மணித்தியாலத்துக்கு மேல். யாரோ இரண்டு வருடமாவது இரவிரவாகப் பாவித்தது! அழுத்தம் 11 அல்ல, 7. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு உதிரத் தொடங்கியிருந்தது. இப்படிப் பஞ்சு சிதைவதால்தான் 2021 ஜூனில் ஒரு பெரிய நிறுவனம் உலகெங்கும் தன் இயந்திரங்களை மீளப்பெறுவதாக அறிவித்தது. எங்களுடையது அந்த வகையா என்று பார்க்கத் தொடரிலக்கம் வேண்டும். அடியில் அது ஒட்டியிருந்த இடத்தில் சுரண்டிய பசைதான் மிச்சம்.

கடையிலேயே இயந்திரத்தை ஓடவிட்டு, ஓடிய மணித்தியாலங்களைக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தத்தை வைத்தியரின் துண்டோடு ஒப்பிடுங்கள். தொடரிலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள். முகமூடியைப் படுத்தபடி போட்டுப் பாருங்கள், உட்கார்ந்து பார்த்தால் கசிவு தெரியாது. பழைய மாதிரிகள் சிலவற்றில் ஊரின் உயரத்தையும் கையால் அமைக்க வேண்டும். 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

விற்றவர் இப்போது எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிட்டிருக்கிறோம். காசு இன்னும் வரவில்லை.